போட் எஞ்சினுக்கும் உண்டு கம்ப்யூட்டர்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பாட்டு கேட்கிறார்கள், படம் பார்க்கிறார்கள், கேம் விளையாடுகிறார்கள். கடலில் ஓடும் போட்டின் எஞ்சினுக்கு என்ன நோய் என்று கண்டுபிடிக்கவும் அதே கம்ப்யூட்டர் உதவும் என்றால் நம்புவீர்களா? எனக்கே என் மாமா விஷயத்தில்தான் நம்பிக்கை வந்தது.

மாமா புதுச்சேரியில் சுற்றுலாப் பயணிகளைக் கடலுக்கு அழைத்துச் செல்லும் ஃபைபர் போட் வைத்திருக்கிறார். பின்பக்கம் மாட்டியிருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய 60 ஹெச்.பி. ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின். பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆறு பேருடன் போன போட் நடுக்கடலில் திணறி நின்றுவிட்டது. பத்து நிமிடம் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆனது. கரைக்கு வருவதற்குள் மறுபடி இரண்டு முறை நின்றது.

எஞ்சினைப் பார்த்த மெக்கானிக், "ஈ.சி.எம். போச்சு, மாத்தணும்" என்றார். ஒரு லட்சத்துக்கு மேல் செலவு. மாமா எனக்குப் போன் செய்தார். "டேய், நீ கம்ப்யூட்டர்தானே படிச்ச? இதுவும் கம்ப்யூட்டராம். வந்து பாரு."

நான் எழுதுவது வங்கிகளுக்கான சாப்ட்வேர். எஞ்சினைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் மாமாவிடம் முடியாது என்று சொல்ல முடியுமா!

ஈ.சி.எம். என்பது எஞ்சினுக்குள் இருக்கும் சிறிய கம்ப்யூட்டர். எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், எப்போது பொறி விட வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. வெப்பம், காற்றழுத்தம், த்ராட்டில் திறப்பு ஆகியவற்றை சென்சார்கள் அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஏதாவது ஒன்று எல்லை மீறினால், அதற்கான பிழை எண்ணைத் தன் மெமரியில் எழுதி வைத்துக்கொள்ளும். அதைப் படிக்கத்தான் ஸ்கேன் சாப்ட்வேர். யமஹாவுக்கு ஒய்.டி.எஸ்., சுஸுகிக்கு எஸ்.டி.எஸ். என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி சாப்ட்வேர் உண்டு. யமஹா எஞ்சின்களில் 15 என்றால் வெப்ப சென்சார், 19 என்றால் பேட்டரி வோல்டேஜ். காருக்கு விற்கும் ஸ்கேனரை வாங்கி இதில் செருக முடியாது. அமெரிக்காவில் 1996 முதல் கார்களுக்கு ஒரே மாதிரி சாக்கெட் கட்டாயமாக்கப்பட்டது. அந்தக் கட்டாயம் போட் எஞ்சினுக்கு இல்லை. கன்னியாகுமரிப் பக்கம் மீனவர்கள் பயன்படுத்தும் மண்ணெண்ணெய் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களில் கம்ப்யூட்டரே கிடையாது. அங்கே லேப்டாப்புக்கு வேலை இல்லை.

போட் யார்டில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், லைசென்ஸ் உள்ள சாப்ட்வேரையும் கேபிளையும் இரண்டு நாளைக்குக் கொடுத்தார். (இண்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கும் காப்பிகளை இறக்காதீர்கள். சாப்ட்வேரோடு வைரஸும் வந்து சேரும்.) முதல் தொல்லை கம்ப்யூட்டர் பக்கம்தான் வந்தது. கேபிளை யு.எஸ்.பி.யில் செருகினேன். சாப்ட்வேரோ "எஞ்சின் இல்லை" என்றது. இந்த வகை பழைய சாப்ட்வேர்கள் சீரியல் போர்ட்டைத்தான் தேடும். டிவைஸ் மேனேஜரைத் திறந்து, "போர்ட்ஸ்" என்பதன் கீழ் பார்த்தேன். கேபிளுக்கு விண்டோஸ் காம் 11 என்று எண் கொடுத்திருந்தது. பிராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு என்று போய் அதை காம் 3 ஆக மாற்றியதும் எஞ்சின் பேச ஆரம்பித்தது. உங்கள் வீட்டில் பழைய பிரிண்டரோ மோடமோ யு.எஸ்.பி. கன்வர்ட்டரில் அடம் பிடித்தாலும் இதையே செய்து பார்க்கலாம்.

மெமரியில் இருந்த பிழை ஒன்றே ஒன்று: வோல்டேஜ் குறைவு. உடனே பேட்டரியை மாற்றிவிடலாம் என்று மாமா கிளம்பினார். தடுத்தேன். பிழை எண் என்பது, "எனக்கு இங்கே வலிக்கிறது" என்று எஞ்சின் சொல்வது. ஏன் வலிக்கிறது என்பதை நாம்தான் தேட வேண்டும்.

லேப்டாப்பை பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொண்டு அரியாங்குப்பம் ஆற்றில் போட்டை ஓட்டினோம். தண்ணீர் இல்லாமல் அவுட்போர்டு எஞ்சினை ஓட்டக் கூடாது. உள்ளே தண்ணீர் ஏற்றும் ரப்பர் இம்பெல்லர் சில நொடிகளில் தேய்ந்து பாழாகிவிடும். திரையில் எண்கள் ஓடின. தொடக்கத்தில் ஈ.சி.எம்.முக்கு 13.4 வோல்ட் வந்தது. இருபது நிமிடத்தில் 11.1 ஆனது. பிறகு 10.4. எஞ்சின் திணற ஆரம்பித்தது. அதே நேரம் பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 14.1 வோல்ட்!

பேட்டரி நன்றாக இருக்கிறது, சார்ஜும் ஆகிறது. ஈ.சி.எம். சரியாகத்தான் புகார் சொல்கிறது. அப்படியென்றால் காணாமல் போன மூன்றரை வோல்ட்டுக்கு மேல் இரண்டுக்கும் நடுவே வயரில் எங்கோ தொலைகிறது. மீட்டரை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்திக்கொண்டே போனோம். ஃப்யூஸ் ஹோல்டரின் ஒரு பக்கம் 14, மறுபக்கம் பத்தரை. மூடியைக் கழற்றினால் உள்ளே பச்சைப் பசேலென்று களிம்பு. உப்புக் காற்றின் வேலை. ஓட ஓட அந்த இணைப்பு சூடாகி மின்தடை கூடியிருக்கிறது. நின்றதும் ஆறி, மறுபடி வேலை செய்திருக்கிறது. பத்து நிமிட மர்மம் அதுதான்.

புது ஹோல்டரும் வயர் முனைகளும் சேர்த்து சில நூறு ரூபாயில் முடிந்தது. கவர் போட்டு கிரீஸ் தடவி மூடினோம். மறுபடி ஒரு மணி நேரம் ஓட்டினோம். 13.8க்குக் கீழே இறங்கவில்லை.

லேப்டாப்பை மூடும் முன் இன்னொரு பக்கத்தையும் மாமாவுக்குக் காட்டினேன். எஞ்சின் மொத்தம் எத்தனை மணி நேரம், எந்த வேகத்தில் ஓடியது என்ற கணக்கும் ஈ.சி.எம்.மில் இருக்கும். விற்றவர் 400 மணி நேரம்தான் ஓடியது என்று சொல்லியிருந்தார். திரையில் 1,140 என்று இருந்தது. மாமாவோ வாங்கி நூறு மணி நேரம்கூட ஓட்டியிருக்க மாட்டார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "வாங்குறதுக்கு முன்னாடி உன்னைக் கூப்பிட்டிருக்கணும்டா" என்றார். மறுநாள் காலையிலேயே புது இம்பெல்லரும் கியர் ஆயிலும் வாங்கிவந்து, தானே கழற்றி மாற்ற உட்கார்ந்துவிட்டார்.