சாலைக்கும் ஒரு விலை உண்டு

போக்குவரத்தால் வெளியாகும் கரியமில வாயுவைக் குறைக்க வேண்டும் என்றதும் மின்சார வாகனங்களே நம் நினைவுக்கு வருகின்றன. அவை தேவைதான். ஆனால், எரிபொருளை மாற்றுவதைப் போலவே கார் பயணங்களைக் குறைப்பதும் இன்றியமையாதது. அதற்குப் பொருளியல் காட்டும் வழி, சாலைப் பயன்பாட்டுக்கு விலை வைப்பது.

நான் பல ஆண்டுகள் வகுப்பறையில் கற்பித்த கோட்பாடு இது. நெரிசல் நேரத்தில் காரை எடுப்பவர், தம்மால் பிறருக்கு ஏற்படும் தாமதத்தையும் புகையையும் கணக்கில் கொள்வதில்லை. பெட்ரோல் வரியோ, காலை ஒன்பது மணிப் பயணத்தையும் நள்ளிரவுப் பயணத்தையும் வேறுபடுத்துவதில்லை. இத்தகைய புறச்செலவை அதற்குக் காரணமானவரிடமே வரியாகப் பெறலாம் என்று 1920-இல் வெளியான தமது நூலில் விளக்கினார் ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் ஆர்தர் பிகு.

இக்கோட்பாட்டை ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோம் சோதித்துப் பார்த்தது. முதலில், 2005 ஆகஸ்டில் கூடுதல் பேருந்துகள் விடப்பட்டன. அதனால் மட்டும் கார்கள் குறிப்பிடும்படியாகக் குறையவில்லை. 2006 ஜனவரியில் நகர மையத்துக்குள் நுழையவும் வெளியேறவும், வார நாள்களின் பகல் வேளையில், நேரத்துக்கேற்ப 10 முதல் 20 குரோனர் வரை கட்டணம் விதிக்கப்பட்டது. எல்லையைக் கடந்த வாகனங்கள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்தன. ஜூலை இறுதியில் சோதனை முடிந்ததும் அவை மீண்டும் பெருகின. கட்டணத்தின் வலிமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தொடக்கத்தில் பெரும்பான்மையோர் இதை எதிர்த்தனர். ஆனால், பயனைக் கண்ட பிறகு, அவ்வாண்டு செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் நகர மக்கள் ஆதரித்தனர். சுற்றுப்புற நகராட்சிகள் பலவற்றில் எதிர்ப்பே மேலோங்கியது. 2007 ஆகஸ்டில் கட்டணம் நிரந்தரமானது.

'இது எளியவர்களைப் பாதிக்காதா?' என்ற கேள்வி நியாயமானது. நம் மாநகரங்களில் எளியவர்கள் பெரும்பாலும் பேருந்திலும் நடந்துமே செல்கின்றனர். கார்களின் நெரிசலில் சிக்கித் தவிப்பது அவர்களின் பேருந்துதான். எனவே, கட்டண வருவாய் எங்கே செல்கிறது என்பதே நீதியைத் தீர்மானிக்கும். ஸ்டாக்ஹோமில் அவ்வருவாய் புதிய சாலைகளுக்கும் ஒதுக்கப்பட்டது. நாம் பின்பற்றக் கூடாத பகுதி அது.

முதலில் போதிய பேருந்துகளும் நடைபாதைகளும். அடுத்து, நெரிசல் மிகுந்த பகுதிகளில் கார்களுக்குக் கட்டணம். அந்த வருவாய் முழுவதும் மீண்டும் பேருந்துக்கே. இந்த வரிசை மாறினால் கட்டணம் தண்டனையாகிவிடும். மாறாதிருந்தால், அதை எதிர்ப்பவர்களும் ஒருநாள் ஆதரிப்பார்கள்.