போர் முடிந்தது, குடி முடியவில்லை: முன்னாள் ராணுவ வீரர்களைப் போதை துரத்துவது ஏன்?

1971-ல் அமெரிக்காவை ஒரு பயம் ஆட்டிப்படைத்தது. வியட்நாமில் இருக்கும் தங்கள் வீரர்களில் 10 முதல் 15 சதவிகிதம் பேர் ஹெராயினுக்கு அடிமையாகிவிட்டதாக இரண்டு எம்.பி-க்கள் அந்த ஆண்டு மே மாதம் அறிக்கை கொடுத்தார்கள். ஜூன் 17 அன்று, போதைதான் நாட்டின் முதல் எதிரி என்று அதிபர் நிக்சன் அறிவித்தார். ஊருக்குக் கிளம்பும் வீரர்களுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை கட்டாயமானது. 'இவங்க எல்லாரும் திரும்பி வந்தா என்ன ஆகும்?' என்பதுதான் அப்போது பெரிய கேள்வி.

ஆனால் நடந்ததே வேறு.

ஊர் திரும்பியதும் என்ன ஆனது?

லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளரின் குழு, 1971 செப்டம்பரில் நாடு திரும்பிய வீரர்களில் சுமார் 900 பேரைத் தேடிப்பிடித்துப் பேசியது. வியட்நாமில் இருந்தபோது ஐந்தில் ஒருவர் போதைக்கு அடிமையாக இருந்தது உண்மைதான். ஆனால், அந்த அடிமையானவர்களில் ஊர் திரும்பிய முதல் வருடத்தில் மறுபடியும் அடிமையானவர்கள் வெறும் 5 சதவிகிதம். மூன்று வருடக் கணக்கு பார்த்தாலும் 12 சதவிகிதம்தான். இத்தனைக்கும் பெரும்பாலானவர்கள் எந்தச் சிகிச்சையும் எடுக்கவில்லை.

அதாவது, போதைப்பொருள் மட்டுமே ஒருவரைப் பிடித்து வைப்பதில்லை. அவர் இருக்கும் சூழலுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. பயம், சலிப்பு, கையருகே மலிவாகக் கிடைத்த ஹெராயின், இந்த மூன்றும் போனதும் பலரிடமிருந்து பழக்கமும் போனது.

சரி, போரே கூட வீட்டுக்கு வந்துவிட்டால்?

உடம்பு இன்னும் போர்க்களத்தில்!

அதைத்தான் 'பி.டி.எஸ்.டி' என்கிறார்கள் மருத்துவர்கள். ஆபத்து முடிந்து பல வருடம் ஆன பிறகும், அது இப்போதுதான் நடக்கிறது என்று மூளை நம்பிக்கொண்டிருக்கும் நிலை. கெட்ட கனவு, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போடுவது, கூட்டத்தைப் பார்த்தாலே ஒதுங்குவது, காரணமே இல்லாமல் எரிந்து விழுவது எல்லாம் இதன் அறிகுறிகள்.

முன்னாள் வீரர்களின் தொடர்ந்த வற்புறுத்தலும் சேர்ந்துதான், 1980-ல் இது அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் தனி நோயாக இடம்பெற்றது. அதே பத்தாண்டின் பிற்பகுதியில், வியட்நாமில் பணியாற்றிய வீரர்களிடம் அந்நாட்டு அரசு ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. ஆண்களில் சுமார் 15 சதவிகிதம் பேருக்கு அப்போதும் பி.டி.எஸ்.டி இருந்தது. போர் முடிந்து பத்து வருடம் தாண்டியிருந்தது!

அமெரிக்க முன்னாள் படைவீரர் துறை தரும் கணக்கு இது: பி.டி.எஸ்.டி உள்ள முன்னாள் வீரர்களில் பத்தில் இரண்டு பேருக்கு மேல் போதைப் பிரச்னையும் இருக்கிறது. போதைக்குச் சிகிச்சை தேடி வருபவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு பி.டி.எஸ்.டி இருக்கிறது.

குடிச்சா தூக்கம் வருமே?

வரும். பிரச்னை ஆரம்பிப்பதே அங்கேதான். கனவுக்குப் பயந்து தூங்காதவருக்கு முதல் கிளாஸ் மருந்து மாதிரி தெரியும். இப்படி வலிக்குத் தானே மருந்து போட்டுக்கொள்வதுதான் போதையின் ஆரம்பம் என்று 1985-ல் விளக்கினார் மனநல மருத்துவர் எட்வர்ட் கான்ட்ஸியன்.

ஆனால் அந்த மருந்து ஏமாற்றிவிடுகிறது. கனவு காணும் தூக்கத்தை மது இரவின் முற்பாதியில் அமுக்கி வைக்கும். போதை இறங்க இறங்க, பின்னிரவில் தூக்கம் கலையும், கனவுகள் இன்னும் வேகமாகத் திரும்பும். காலையில் படபடப்பு, எரிச்சல். அதை அடக்க மறுபடியும் ஒரு கிளாஸ். நினைவைத் தள்ளிப்போடப் போட்ட கிளாஸ், நினைவு ஆறாமலும் பார்த்துக்கொள்கிறது.

சில நேரம் போதையை நீட்டியது மருத்துவமனையே! இராக், ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பி, உடல் வலிக்காகச் சிகிச்சைக்கு வந்த முன்னாள் வீரர்களைப் பற்றி 2012-ல் ஓர் ஆய்வு வந்தது. மனநலப் பிரச்னை இல்லாதவர்களில் 6.5 சதவிகிதம் பேருக்கு ஓபியாய்டு வலி மாத்திரை எழுதப்பட்டிருந்தது. பி.டி.எஸ்.டி உள்ளவர்களில் அது கிட்டத்தட்ட 18 சதவிகிதம். எந்த மாத்திரையில் இவர்கள் எளிதாகச் சிக்குவார்களோ, அதுவே இவர்களுக்கு அதிகம் போயிருக்கிறது.

தண்டனையா, சிகிச்சையா?

வியட்நாம் காலத்தில் போதைக்காகப் பிடிபட்ட பலர், நன்னடத்தைச் சான்று இல்லாமல் ராணுவத்திலிருந்து அனுப்பப்பட்டார்கள். அதோடு முன்னாள் வீரர்களுக்கான அரசு மருத்துவ உதவியும் பறிபோகக்கூடும். காயத்தால் வந்த குடியைக் காரணம் காட்டி, காயத்துக்கான சிகிச்சையையே மறுத்த கதை இது. இப்படி அனுப்பப்பட்ட வியட்நாம் வீரர்கள் மறுபரிசீலனை கேட்டால், பி.டி.எஸ்.டி-யையும் கணக்கில் எடுத்துத் தாராளமாகப் பாருங்கள் என்று அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் உத்தரவிட்டது 2014-ல்தான்.

சிகிச்சை மையங்களிலும் ரொம்ப காலம் இதே சிக்கல். 'முதல்ல குடியை நிறுத்திட்டு வாங்க, அப்புறம் மனசைப் பார்க்கலாம்' என்பார்கள். பழைய நினைவைக் கிளறினால் இன்னும் குடிப்பார்கள் என்ற பயம். பி.டி.எஸ்.டி-யும் குடி அடிமைத்தனமும் சேர்ந்திருந்த 165 பேரிடம் நடந்த ஆய்வு 2013-ல் வெளியானது. அதிர்ச்சி நினைவைப் படிப்படியாக எதிர்கொள்ள வைக்கும் பேச்சு சிகிச்சையால் குடி கூடவில்லை என்று அது காட்டியது. இப்போது அமெரிக்க ராணுவ மருத்துவ வழிகாட்டுதலே, போதையைக் காரணம் காட்டி பி.டி.எஸ்.டி சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறது.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

ராணுவத்தில் இருந்து வந்த அப்பாவோ அண்ணனோ குடிப்பதை 'மிலிட்டரிக்காரர்னா அப்படித்தான்' என்று நம் வீடுகளிலும் சொல்லிவிடுகிறோம். குடிப்பவர் எல்லோருக்கும் பி.டி.எஸ்.டி இருக்கும் என்பதில்லை. ஆனால் 'ஏன் குடிக்கிறே?' என்று கேட்பதோடு, 'ராத்திரி தூக்கம் வருதா, கனவு ஏதாவது வருதா?' என்றும் கேட்டுப்பாருங்கள். டாக்டரிடம் போகும்போது இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

முக்கியமான விஷயம்: தினமும் அதிகம் குடிப்பவரை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால், மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416-க்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.