ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்புகள்: இந்தியாவில் 1 லட்சம் பள்ளிகள் இன்னும் இப்படி இயங்குவது ஏன்?

இந்தியாவில் பள்ளி ஆசிரியர்களின் எண்ணிக்கை 2024-25 கல்வியாண்டில் முதல் முறையாக 1 கோடியைத் தாண்டியது. மத்திய கல்வி அமைச்சகத்தின் யுடைஸ் பிளஸ் தரவு சொல்லும் நல்ல செய்தி இது. அதே தரவில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: 1,04,125. இத்தனை பள்ளிகளில் ஆசிரியர் ஒரே ஒருவர்தான். அந்தப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் சுமார் 33.76 லட்சம் பேர். அதாவது பள்ளிக்குச் சராசரியாக 32 பேர்.

'32 பிள்ளைங்களுக்கு ஒரு டீச்சர்னா சரிதானே, இதுல என்ன பிரச்னை?' என்று உங்களுக்குத் தோன்றலாம். பிரச்னை பிள்ளைகளின் எண்ணிக்கையில் இல்லை, வகுப்புகளின் எண்ணிக்கையில் இருக்கிறது.

ஒரு வகுப்புக்கு 48 நிமிடம்

கல்வி உரிமைச் சட்டப்படி 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்களும் 800 மணி நேரக் கற்பித்தலும் இருக்க வேண்டும். அப்படியென்றால் நாளைக்கு 4 மணி நேரம். இதை ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்புகளுக்கும் பங்கு போட்டால், ஒரு வகுப்புக்குக் கிடைப்பது 48 நிமிடம். மொழிப்பாடம், கணக்கு, ஆங்கிலம், சூழ்நிலையியல் எல்லாமே அதற்குள் முடிய வேண்டும். மற்ற நேரத்தில் அந்த வகுப்புப் பிள்ளைகள் எழுதிக்கொண்டோ, சும்மா உட்கார்ந்துகொண்டோ இருப்பார்கள்.

அந்த 48 நிமிடமும் முழுசாகக் கிடைப்பதில்லை. வருகைப் பதிவு, மதிய உணவுக் கணக்கு, இலவசப் புத்தகம், சீருடை விநியோகம், ஆன்லைன் பதிவேற்றம் எல்லாம் அதே ஒருவர் தலையில்தான். ஹெச்.எம்.மும் அவரே, கிளார்க்கும் அவரே. அவர் பயிற்சிக்கோ மீட்டிங்குக்கோ போனால், அல்லது காய்ச்சலில் படுத்தால், பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒருவர் வர வேண்டும். இல்லையென்றால் அன்று பாடம் கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இப்படி நடக்கலாம் என்று சட்டம் சொல்லவில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 1 முதல் 5 வரை உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர்கள் வேண்டும். 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு. 60 வரை என்பதற்குள் 32-உம் அடங்கும், 12-உம் அடங்கும். அதனால் ஓராசிரியர் தொடக்கப்பள்ளி என்பதே சட்டத்தின் அளவுகோலுக்குக் கீழே இருக்கும் பள்ளிதான்.

இந்த விகிதத்தை ஒவ்வொரு பள்ளியிலும் பின்பற்ற வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. மாநிலத்துக்கோ மாவட்டத்துக்கோ சராசரி சரியாக இருந்தால் போதாது.

பிரச்னை புதிதும் இல்லை. 1987-இல் தொடங்கிய 'கரும்பலகைத் திட்டம்' ஓராசிரியர் பள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது ஆசிரியரைத் தர வேண்டும் என்றது. 2020-இன் தேசிய கல்விக் கொள்கை, 2016-17 நிலவரப்படி 1,08,017 ஓராசிரியர் பள்ளிகள் இருந்ததாகச் சொன்னது. கணக்கெடுக்கும் முறையில் சின்ன வேறுபாடு இருக்கலாம். ஆனாலும் எட்டு ஆண்டுகளில் நிலைமை பெரிதாக மாறவில்லை என்பது தெரிகிறது.

1 கோடி ஆசிரியர்கள் எங்கே போனார்கள்?

நாடு முழுவதும் பார்த்தால் ஆசிரியர்-மாணவர் விகிதம் மோசமில்லை. 2024-25 தரவுப்படி ஆரம்ப நிலையில் ஒரு ஆசிரியருக்கு 10 பிள்ளைகள், அடுத்த நிலையில் 13, நடுநிலையில் 17, உயர்நிலையில் 21. கல்விக் கொள்கை கேட்பது 30-க்கு ஒருவர்தான்.

ஆனால், ஆசிரியர்கள் எல்லா இடத்திலும் சமமாக இல்லை. அதே ஆண்டில் ஒரு மாணவர்கூடச் சேராத பள்ளிகள் 7,993 இருந்தன. அவற்றில் 20,817 ஆசிரியர்கள் பணியில் இருந்ததாக மத்திய அரசின் தரவு காட்டுகிறது. ஒரு பக்கம் பிள்ளைகள் இருந்தும் ஆசிரியர் போதவில்லை. இன்னொரு பக்கம் ஆசிரியர்கள் இருந்தும் பிள்ளை இல்லை.

இதற்கு மூன்று காரணங்கள் முக்கியமானவை.

முதலாவது, ஊர்களின் அமைப்பு. பிள்ளை நடந்து போகிற தூரத்தில் பள்ளி வேண்டும் என்பது கல்வி உரிமையின் அடிப்படை. தொடக்கப்பள்ளி 1 கிலோமீட்டருக்குள், நடுநிலைப்பள்ளி 3 கிலோமீட்டருக்குள் என்பது விதி. இதனால் சின்னச் சின்னக் குடியிருப்புகளுக்கும் பள்ளி வந்தது. அது பெரிய சாதனை. ஆனால் குழந்தைப் பிறப்பு குறைந்து, வசதியுள்ளவர்கள் தனியார் பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி அனுப்பத் தொடங்கியதும், அதே பள்ளிகள் சுருங்கிவிட்டன. கிராமப்புறங்களை ஆய்வு செய்யும் அசர் 2024 அறிக்கைப்படி, 60-க்கும் குறைவான மாணவர்கள் உள்ள அரசுத் தொடக்கப்பள்ளிகளின் பங்கு 2022-இல் 44 சதவீதம். 2024-இல் அது 52.1 சதவீதம்.

இரண்டாவது, இடமாறுதல். பஸ் வராத, வாடகைக்கு வீடு கிடைக்காத, சொந்தப் பிள்ளையைப் படிக்க வைக்க வசதியில்லாத ஊரில் வேலை பார்க்க யாருக்கும் எளிதில்லை. போஸ்டிங் வாங்கியவர் சில ஆண்டுகளில் நகரத்துப் பக்கம் மாறுதல் கேட்பார். காலியான இடம் காலியாகவே கிடக்கும். இதைச் சரிசெய்ய கர்நாடகா 2007-லேயே ஆசிரியர் இடமாறுதலுக்குத் தனிச் சட்டம் கொண்டுவந்து, கவுன்சலிங் முறைக்கு மாறியது.

மூன்றாவது, அரசின் முடிவுகளே. ஓராசிரியர் பள்ளிகள் அதிகம் உள்ள மாநிலம் ஆந்திரப் பிரதேசம்: 12,912. அடுத்து உத்தரப் பிரதேசம் 9,508, ஜார்க்கண்ட் 9,172. ஆந்திராவில் 2022-இல் வந்த அரசாணை ஒன்று, பல ஊர்களில் 3, 4, 5-ஆம் வகுப்புகளை உயர்நிலைப் பள்ளிகளுக்கு மாற்றியது. தொடக்கப்பள்ளிகளில் மிஞ்சியது இரண்டே வகுப்பு. அங்கே ஒரு ஆசிரியர் போதும் என்றாகிவிட்டது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2025-இல் அந்த அரசாணை ரத்து செய்யப்பட்டது.

ஆசிரியர் வேலைக்கு வருவதில்லையா?

'கிராமத்து வாத்தியார் ஒழுங்கா ஸ்கூலுக்கு வர மாட்டார்' என்று பலர் பேசிக் கேட்டிருப்பீர்கள். அசர் 2024 குழுவினர் பள்ளிகளுக்குப் போன நாட்களில் ஆசிரியர் வருகை 87.5 சதவீதமாக இருந்தது. மாணவர் வருகை 75.9 சதவீதம். வந்த ஆசிரியரின் நேரம் எதற்குச் செலவாகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறு கல்விசாரா வேலைக்கு ஆசிரியரைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டம். வாக்காளர் பட்டியல் வேலையையும் விடுமுறை நாட்களிலும் பாடம் இல்லாத நேரத்திலும்தான் தர வேண்டும் என்று 2007-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பத்து ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் ஒருவர் பி.எல்.ஓ. வேலைக்குப் போனால் சமாளிக்கலாம். ஒரே ஆசிரியர் போனால் பள்ளியே நின்றுவிடும்.

இப்போது இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி தீர்ப்பில், ஓய்வுக்கு 5 ஆண்டுகளுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் 2 ஆண்டுகளுக்குள் டெட் தேர்வில் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தகுதி முக்கியம்தான். ஆனால் ஐந்து வகுப்பையும் தனியாளாகப் பார்க்கும் ஒருவர் தேர்வுக்குப் படிக்க நேரம் எங்கே தேடுவார் என்ற கேள்வியும் நியாயமானதே.

இணைத்துவிட்டால் தீர்ந்துவிடுமா?

'ரெண்டு சின்னப் பள்ளியைச் சேர்த்து ஒண்ணாக்கிடலாமே' என்பது பல மாநிலங்கள் எடுக்கும் வழி. அதில் நியாயம் இருக்கிறது. வகுப்புக்கு ஒரு ஆசிரியர், விளையாட்டுத் திடல், நூலகம், கூடப் படிக்க நாலு நண்பர்கள் எல்லாம் பெரிய பள்ளியில்தான் சாத்தியம்.

ஆனால் பள்ளி தூரமானால் முதலில் நிற்பது யார்? ஆறு வயதுக் குழந்தைகளும் பெண் பிள்ளைகளும்தான். நடுவில் ஓடையோ நெடுஞ்சாலையோ ரயில் பாதையோ இருந்தால், வரைபடத்தில் 1 கிலோமீட்டர் என்பதற்கு அர்த்தம் இல்லை. கூலி வேலைக்குக் காலையிலேயே கிளம்பும் பெற்றோர் பிள்ளையைக் கொண்டுபோய் விட முடியாது.

உத்தரப் பிரதேசத்தில் 2025 ஜூன் 16-ஆம் தேதி, மாணவர் குறைந்த பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளிகளுடன் இணைக்க உத்தரவு வந்தது. ஜூலை 7-ஆம் தேதி அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதை ஏற்றார். ஆனால் மேல்முறையீட்டில், சீதாபூர் மாவட்டத்தில் இருந்த நிலையே தொடர வேண்டும் என்று ஜூலை 24-ஆம் தேதி இரு நீதிபதிகள் அமர்வு சொன்னது. பிறகு, 1 கிலோமீட்டருக்கு மேல் தூரமுள்ள பள்ளிகளையும் 50 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளையும் இணைக்க மாட்டோம் என்று மாநில அரசு அறிவித்தது. தூரத்தைப் பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் இதுதான் நடக்கும்.

சின்னப் பள்ளியே பலமாக முடியுமா?

முடியும் என்று காட்டிய ஊர்கள் உண்டு. ஆந்திராவின் மதனபள்ளி பக்கம் ரிஷி பள்ளத்தாக்கு கிராமப்புறக் கல்வி மையம், பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பதைக் குறையாகப் பார்க்காமல், அதற்கேற்ற பாடமுறையை உருவாக்கியது. பாடத்தைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து அட்டைகளில் வைத்தார்கள். பிள்ளை தன் வேகத்தில் ஏணிப்படி போல ஏறும். ஆசிரியர் குழுக்களிடையே நகர்ந்து, யாருக்குத் தேவையோ அவருக்கு உதவுவார்.

இதைப் பார்த்து 1995-இல் கர்நாடகாவின் ஹெச்.டி. கோட்டே தாலுகாவில் 'நலி கலி' தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 2000-களில் படித்த செயல்வழிக் கற்றலுக்கும் வேர் இங்கேதான்.

அரசுப் பள்ளிகளில் முன்னேற்றம் வராது என்பதும் உண்மையில்லை. கிராமப்புற அரசுப் பள்ளிகளின் 3-ஆம் வகுப்பில், 2-ஆம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் 2022-இல் 16.3 சதவீதம். 2024-இல் 23.4 சதவீதம். அடிப்படை வாசிப்பு, கணக்கில் கவனம் வைத்த சில ஆண்டுகளில் வந்த பலன் இது. இன்னும் நான்கில் மூன்று பேருக்கு வாசிக்க வரவில்லை என்பதையும் அதே எண்தான் சொல்கிறது.

பள்ளிகளை மூடாமல் பலப்படுத்தும் இன்னொரு வழி 'பள்ளி வளாகம்'. பக்கத்துப் பக்கத்துச் சின்னப் பள்ளிகள் ஒரு குழுவாகி, விளையாட்டு, கலை ஆசிரியர்களையும் ஆய்வகத்தையும் அலுவலக ஊழியரையும் பகிர்ந்துகொள்வது. 1964-66 கல்விக் குழு சொன்ன யோசனை இது. 2020 கொள்கையும் திரும்பச் சொல்கிறது. ஒருவர் விடுப்பு எடுத்தால் மாற்று ஆள் வர வழி கிடைக்கும் என்பதே ஓராசிரியர் பள்ளிக்குப் பெரிய நிம்மதி.

உங்கள் ஊர்ப் பள்ளிக்கு நீங்கள் என்ன செய்யலாம்?

அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் பொறுப்பும் அவர்களுடையதே. அந்தக் கூட்டத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: பள்ளிக்கு அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடம் எத்தனை? அதில் எத்தனை காலி? ஆசிரியர் இல்லாத நாளில் யார் வருவார்?

மொத்த பணியிடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. பள்ளியை இணைக்கப் பேச்சு வந்தால், புதிய பள்ளிக்குப் பிள்ளை நடக்கும் பாதையை அதிகாரியோடு ஒருமுறை நடந்து பாருங்கள். பதில்களை எழுத்தில் வாங்குங்கள். இரண்டாவது ஆசிரியர் வேண்டும் என்று அந்த ஒற்றை ஆசிரியர் கேட்பதைவிட, ஊரே சேர்ந்து கேட்பதற்கு மதிப்பு அதிகம்.