மதர்போர்டு என்னும் சமையலறை

கைதேர்ந்த சமையல்காரரை இடுக்கான சமையலறையில் நிறுத்தினால் பந்தி தாமதமாகும். அதற்காக அரண்மனை அளவுக்குச் சமையலறை கட்டிக் கொடுத்தாலும் சாம்பாரில் சுவை கூடப்போவதில்லை. கேமிங் கம்ப்யூட்டரில் அந்தச் சமையலறைதான் மதர்போர்டு. பிராசசர் தலைமைச் சமையல்காரர். ரேம் அவர் கைக்கெட்டும் மேடை, எஸ்எஸ்டி சரக்கறை. கிராபிக்ஸ் கார்டு ஒரே நேரத்தில் பல தோசைகளை வார்க்கும் பெரிய கல். மதர்போர்டு எதையும் சமைப்பதில்லை. சமைப்பவர் யாரும் எதற்காகவும் காத்து நிற்காமல் பார்த்துக்கொள்கிறது. விலையில் இரு மடங்கு வித்தியாசமுள்ள இரண்டு போர்டுகளில் ஒரே பிராசசரையும் ஒரே கிராபிக்ஸ் கார்டையும் பொருத்தினால், விளையாட்டின் பிரேம் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பது இதனால்தான்.

ரைசன் 5 7600 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு என்ற நடுத்தர ஜோடியை எடுத்துக்கொள்வோம். இவற்றுக்கு என்ன சமையலறை வேண்டும்?

முதலில் சாக்கெட். எந்தச் சமையல்காரர் அங்கே நிற்க முடியும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. 7600-க்கு வேண்டியது 2022-இல் வந்த ஏஎம்5. இதற்கு முந்தைய ஏஎம்4-இன் ஆயுள் வியக்கத்தக்கது: 2017-இல் வாங்கிய எக்ஸ்370 போர்டுகள் பலவற்றில், போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துவிட்டு, 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி பிராசசரைப் பொருத்த முடிந்தது. ஏஎம்5-க்கும் 2027 வரையிலும் அதற்குப் பிறகும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. இன்டெலின் எல்ஜிஏ1700 2021-இல் வந்தது. 2024-இல் புதிய பிராசசர்களுக்கு வேறு சாக்கெட் வந்துவிட்டது. சுவரை இடிக்காமல் சமையல்காரரை மட்டும் மாற்றலாம் என்ற ஒரே காரணத்துக்காகவே நான் ஏஎம்5 பக்கம் நிற்பேன்.

அடுத்தது விஆர்எம். விளம்பரங்கள் அதிகம் குழப்புவதும், வாங்குபவர் அதிகம் கவனிக்க வேண்டியதும் இதைத்தான். சிலிண்டரிலிருந்து சீறி வரும் கேஸை அடுப்பு அப்படியே ஏற்காது. நடுவில் ரெகுலேட்டர் அழுத்தத்தைக் குறைத்துத் தரவேண்டும். பவர் சப்ளை தருவது 12 வோல்ட். பிராசசர் ஏற்பது ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேல். இடையில் நின்று மாற்றித் தருவது விஆர்எம். வோல்ட் குறைந்தால், அதே திறனைத் தர ஆம்பியர் கூடியாக வேண்டும். 7600 எடுக்கும் அதிகபட்சம் 88 வாட் என்று வைத்தால், 12 வோல்ட்டில் அது ஏழு ஆம்பியர்தான், 1.2 வோல்ட்டிலோ எழுபதைத் தாண்டுகிறது. இவ்வளவையும் ஒரே வழியில் செலுத்தினால் பாகங்கள் கொதித்துவிடும். அதனால் பேஸ் எனப்படும் பல கிளைகள் முறைபோட்டுப் பகிர்ந்துகொள்கின்றன. கம்பியில் எழும் சூடு ஆம்பியரின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், எட்டு கிளைகளாகப் பிரித்தால் மொத்தச் சூடு நன்றாகவே இறங்குகிறது.

விஆர்எம் அளவுக்கு மீறிச் சூடானால் போர்டு பிராசசரின் வேகத்தைக் குறைத்துவிடும். பரபரப்பான கட்டத்தில் விளையாட்டு தடுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். பெட்டியில் போட்டிருக்கும் 14+2 போன்ற பேஸ் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். இரண்டிரண்டாக ஒன்றாய் இயங்கும் கிளைகளையும் தனித்தனியாக எண்ணிச் சொல்வது வழக்கம். விஆர்எம் மேல் கனமான அலுமினிய ஹீட்சிங்க் உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஏசி இல்லாத அறையில் விளையாடுபவருக்கு இது இன்னும் முக்கியம். ஹீட்சிங்க் எவ்வளவு பெரிதானாலும் அறையின் சூட்டுக்குக் கீழே அதனால் இறங்க முடியாது. நாளைக்கு 162 வாட் வரம்பு வைத்திருக்கும் 7800எக்ஸ்3டி-க்கு மாறும் எண்ணம் இருந்தால், பணத்தை இங்கே சற்றுக் கூடுதலாகப் போடலாம்.

ரேமுக்கு வருவோம். ஏஎம்5 ஏற்பது டிடிஆர்5 மட்டுமே. பழைய டிடிஆர்4 கைவசம் இருந்தாலும் வெட்டு வேறிடத்தில் இருப்பதால் ஸ்லாட்டில் இறங்காது. சமையல்காரருக்கு இடது பக்கமும் வலது பக்கமும் ஒவ்வொரு மேடை இருப்பதுபோல் பிராசசருக்கு இரண்டு மெமரி சேனல்கள். ஒரே ஸ்டிக் போட்டால் ஒரு பக்கம் காலி. 16 ஜிபி ஸ்டிக் இரண்டு வாங்கி, பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் போடுங்கள். நான்கையும் நிரப்ப ஆசைப்பட வேண்டாம். இரண்டு ஸ்டிக்குக்கு ஏஎம்டி உறுதி தரும் வேகம் 5200. நான்கு போட்டால் 3600 தான். இரண்டே ஸ்லாட் உள்ள போர்டைக் குறையாக நினைக்கத் தேவையில்லை என்பேன்.

சமையல்காரரிடமிருந்து தோசைக்கல்லுக்குப் போகும் வழி, பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட். இதில் 5.0 தலைமுறை வேண்டும் என்று கூடுதல் பணம் கேட்பார்கள். இந்த ஜோடிக்கு வேண்டாம். பி650 போர்டின் முதல் ஸ்லாட்டில் 4.0 தலைமுறையின் 16 பாதைகள் இருக்கின்றன; ஆர்டிஎக்ஸ் 4060 அவற்றில் எட்டைத்தான் பயன்படுத்துகிறது. கீழே இருக்கும் இரண்டாவது நீள ஸ்லாட்டுக்குப் பெரும்பாலும் நான்கோ ஒன்றோதான் பாதை. பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் கார்டை அங்கே செருகக் கூடாது.

சரக்கறைக்கு ஒரு எம்.2 ஸ்லாட் கட்டாயம். இரண்டு இருந்தால் நல்லது. 4.0 எஸ்எஸ்டி நொடிக்கு 7 ஜிபி வரை படிக்கும், சாட்டா எஸ்எஸ்டி 550 எம்பி அளவில் நின்றுவிடும். யுஎஸ்பி, நெட்வொர்க், சாட்டா பெரும்பாலும் சிப்செட் என்னும் பின்கட்டு வழியாக வருபவை. பி650-இல் ஒரு சிப். விலை கூடிய எக்ஸ்670-இல் அதே சிப் இரண்டு. ஒரு கார்டு, இரண்டு எஸ்எஸ்டி வைத்து விளையாடுபவருக்கு அந்த இரண்டாவது பின்கட்டில் வைக்க ஒன்றுமில்லை. ஏ620 இன்னும் மலிவு, 7600-க்குப் போதும். ஆனால் அதில் பிராசசரை ஓவர்கிளாக் செய்ய இடமில்லை. விஆர்எம்மிலும் ஸ்லாட்டுகளிலும் கைவைத்துத்தான் விலையைக் குறைத்திருப்பார்கள். பி650 தான் என் தேர்வு. அளவு 244 மி.மீ. சதுரமான மைக்ரோ ஏடிஎக்ஸ் போதும்.

பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் உள்ள போர்டாகக் கேளுங்கள். பிராசசரைப் பொருத்தாமலே பென்டிரைவ் மூலம் பயாஸைப் புதுப்பிக்கலாம். 2024-இல் வந்த 9000 வரிசை பிராசசரைப் பழைய இருப்புப் போர்டில் போடும்போது இது கைகொடுக்கும்.

எல்லாம் பூட்டி முடித்ததும் பயாஸில், ரேமை அதன் விளம்பர வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்போவை இயக்குங்கள். இல்லையென்றால் 6000 வேகத்துக்குக் காசு கொடுத்த ரேம் 4800 போன்ற அடிப்படை வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். முதல் தடவை பவரைப் போடும்போது திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம். போர்டு அப்போது ரேமைச் சோதித்துச் சரிசெய்துகொண்டிருக்கும். பயந்து பவரை அணைத்துவிடாதீர்கள்.