தோல் லூபஸ்: மருந்தை மாற்றும் முன்

தோல் லூபஸுக்கு மருத்துவர்கள் முதலில் எழுதித் தரும் மாத்திரை ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். மலேரியா மருந்து வகையைச் சேர்ந்தது. 1951-ல் பிரிட்டிஷ் மருத்துவர் ஃபிரான்சிஸ் பேஜ், மெபாக்ரின் என்ற மலேரியா மருந்தில் லூபஸ் புண்கள் ஆறியதை லான்செட் இதழில் எழுதிய பிறகே இந்த வகை தோல் சிகிச்சையில் பரவலானது.

இதன் குணம் நிதானம். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். நிறுத்தினாலும் உடலைவிட்டு நீங்க மாதக்கணக்கில் ஆகும். 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு இது பயன்படும் என்ற பேச்சு கிளம்பியதும் இந்தியாவில் மருந்துக்கடைகளில் தட்டுப்பாடு வந்தது. அந்த மாதமே அரசு ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, சீட்டு இல்லாமல் விற்பதற்கும் கடிவாளம் போட்டது. மாத்திரை கிடைக்காமல் லூபஸ் நோயாளிகள் தவித்தார்கள். சில நாள் விட்டுப்போனால் உடனே தெரியாது. இடைவெளி நீண்டால்தான் நோய் மறுபடி தலைதூக்கும்.

பலன் தெரியவே இத்தனை வாரம் ஆவதால், நான்காவது வாரத்திலேயே "கேட்கவில்லை" என்று மருந்தை மாற்றுவது அவசரம். நம் மாநிறத் தோலில் இன்னொரு குழப்பமும் உண்டு. நோய் அடங்கிய பிறகும் கருமையோ வெள்ளையோ மாதக்கணக்கில் நிற்கும். அது வெறும் தடம். புண்ணின் ஓரம் சிவந்து தடித்து விரிகிறதா என்பதையே மருத்துவர் பார்க்கிறார். விரிந்தால் காத்திருக்கக் கூடாது. தலையில் தழும்பு விழுந்த இடத்தில் முடி திரும்ப முளைக்காது.

மாற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில. மாத்திரை தினமும் உள்ளே போகிறதா? எடைக்கேற்ற அளவா? கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் விழித்திரைக்கு ஆபத்து கூடும். பீடி, சிகரெட் உண்டா? புகைப்பவர்களிடம் இந்த மருந்து சரியாக எடுபடுவதில்லை. வெயில் காயும் ஊரில் குடையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் எந்த மாத்திரையும் தனியாக ஜெயிக்காது. சில சமயம் குற்றவாளி வேறு மருந்தாக இருக்கும்: படர்தாமரைக்குச் சாப்பிட்ட டெர்பினாஃபின், இரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு போன்றவை லூபஸைத் தூண்டுவதுண்டு. அவற்றை மருத்துவர் மாற்றித் தந்தாலே தோல் தெளியலாம்.

இத்தனைக்கும் பிறகு அடங்காவிட்டால், பெரும்பாலும் பழைய மருந்தை வைத்துக்கொண்டே புதியது சேர்க்கப்படுகிறது. மெபாக்ரின் கிடைக்கும் நாடுகளில் அதையே சேர்ப்பார்கள். விழித்திரையைத் தொடாது, ஆனால் தோலை மஞ்சளாக்கும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினையும் குளோரோகுயினையும் ஒன்றாகத் தருவதில்லை, இரண்டும் சேர்ந்து கண்ணைப் பாதிக்கும் என்பதால்.

இந்தியாவில் அடுத்த படி பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட். வாரத்துக்கு ஒரே நாள். கூடவே ஃபோலிக் அமிலமும் தருவார்கள். இரண்டுமே பல நேரம் சின்ன மஞ்சள் மாத்திரைகள். மாறிப்போய் மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அட்டையின் மேல் பேனாவால் "செவ்வாய் மட்டும்" என்று எழுதி வைப்பது சின்ன வேலை, பெரிய காவல். இரத்த அணுக்களுக்கும் ஈரலுக்கும் அவ்வப்போது பரிசோதனை வேண்டும்.

அதன் பிறகு மைக்கோஃபினோலேட், டாப்சோன், தாலிடோமைடு என்று வரிசை நீள்கிறது. தாலிடோமைடு வேகமாகக் கேட்கும். ஆனால் நரம்பைக் கெடுக்கும், கருவைச் சிதைக்கும். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்ணுக்கு இதையும் மெத்தோட்ரெக்சேட், மைக்கோஃபினோலேட்டையும் முன்கூட்டியே நிறுத்துவார்கள். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை மட்டும் கர்ப்ப காலம் முழுவதும் தொடரச் சொல்வார்கள்.