இசைமுரசும் எங்கள் வாப்பாவும்

பாலாவிச் சந்தியிலே திரும்பிக் கற்பிட்டியை நோக்கிச் செல்லும் பாதையில், ஒருபுறம் களப்பும் மறுபுறம் பெருங்கடலுமாக நீண்டு கிடக்கிறது ஒரு மணல்நிலம். தென்னையும் உப்புக் காற்றும் மிகுந்த அந்நிலத்திலே அமைந்தது எங்கள் எத்தாளை. கச்சேரி மண்டபமோ சங்கீத சபையோ அங்கே இருந்ததில்லை. ஆயினும் நான் இசை கேட்டே வளர்ந்தேன். அவ்விசைக்கு உரியவர் இருவர். ஒருவரைத் தமிழுலகம் அறியும். அவர் நாகூர் இ. எம். ஹனிபா. மற்றவரை எங்களூருக்கு அப்பால் எவரும் அறியார். அவர் என் வாப்பா.

வாப்பா களப்பிலே வலைவீசிக் குடும்பத்தைக் காத்தவர். மணவீடுகளில் மாப்பிள்ளையை அழைத்துச் செல்லும் ஊர்வலத்தின் முன்னே றபான் தட்டிப் பைத்துப் பாடுவதும் அவரே. அதற்குக் கூலி வாங்கினார் என்று நான் அறியேன். சாப்பாட்டுச் சகனில் முதலிடம் கிடைக்கும். எங்களுக்கென்று ஒரு பொட்டலம் மடியிலே வரும். அந்தப் பொட்டலத்துக்காக நள்ளிரவு வரை விழித்திருந்த பிள்ளைகள் நாங்கள் ஐவர்.

ஹனிபாவின் தொடக்கமும் ஏறக்குறைய இத்தகையதே. இராமநாதபுரத்திலே பிறந்து நாகூரிலே வளர்ந்த அவர், அங்கே ஒரு பைத்துச் சபையில் சிறுவனாக நின்று பாடத் தொடங்கியவர். முறைப்படி சங்கீதம் பயின்றவரல்லர். நாகூர், கடலோடிகளின் ஊர். சாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் தர்காவிலே ஓங்கி நிற்கும் மினாராக்களைப் பார்த்துத் தோணி செலுத்தியவர்கள் பலர். நம் நாட்டிலும் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியிலே அப்பெரியார் பெயரால் கொடியேற்றம் நடப்பதை வாசகர்கள் அறிவர். அந்தத் துறைமுகக் காற்றிலே உரம் பெற்ற குரல், ஒலிபெருக்கியை நம்பிப் பிறந்த குரலன்று. திறந்த வெளியை நிரப்பப் பிறந்தது. பாட்டின் முதலடியிலேயே உச்சத்துக்குச் சென்று, இறுதிவரை அங்கேயே நிற்கும் துணிவு அவருடையது. நுண்ணிய கமகங்களை விரும்புவோர் முகம் சுளிக்கலாம். ஆனால் ஒரு சொல்லும் சிதையாது. ழகரமும் ளகரமும் தடுமாறும் மாணவர்களை, அவர் பாட்டைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று நான் வகுப்பிலிருந்து அனுப்பியதுண்டு.

அவர் மேடைகள் இருவகை. திராவிட முன்னேற்றக் கழகத்தின் மாநாடுகளில், பேச்சாளர் வருமுன் கூட்டத்தை எழுப்பியது அவர் குரல். அண்ணாவின் அன்புக்கும் கலைஞரின் வாழ்நாள் நட்புக்கும் உரியவராயிருந்தார். மீலாது மேடைகளிலும் கந்தூரி மேடைகளிலும் புலவர் ஆபிதீன், நாகூர் சலீம் முதலியோரின் பாடல்களைப் பாடினார். 1961இல் வெளிவந்த ‘பாவமன்னிப்பு’ படத்திலே டி. எம். சௌந்தரராஜனுடன் இணைந்து பாடினார். சட்ட மேலவையிலும் அமர்ந்தார். வக்பு வாரியத்துக்கும் தலைமை தாங்கினார். இவற்றையெல்லாம் நான் பின்னாளிலே படித்து அறிந்தேன். எத்தாளையிலே அவர், நோன்புக் காலத்துச் சஹர் வேளையில் இலங்கை வானொலியின் வழியே அடுக்களைக்குள் வந்த குரல் மட்டுமே. உம்மா அடுப்பை ஊதுவார். வாப்பா பெட்டியின் அருகே குந்தியிருந்து விரலால் முழங்காலிலே தாளம் போடுவார். இரண்டாம் முறை கேட்ட பாட்டு வாப்பாவுக்குச் சொந்தமாகிவிடும்.

நான் சிறுவனாயிருந்தபோது கொழும்பிலிருந்து வந்த பாட்டுக் குழுவொன்று ஒரு மணவீட்டிலே வாப்பாவின் குரலைக் கேட்டது. உடன் வரும்படி அழைத்தது. மாதந்தோறும் பணமும் பேசியது. வாப்பா ஓரிரவு யோசித்தார். மறுநாள் வழமைபோல் வலையை எடுத்துக்கொண்டு களப்புக்கு இறங்கினார். மூத்த ராத்தாவின் கலியாணம் பேசியிருந்த நேரம் அது. ஏன் போகவில்லை என்று நான் கேட்டதற்கு, “இந்தச் சட்டிய ஆர் நிரப்புற?” என்று உலைப்பானையைக் காட்டினார். அதற்குமேல் அவர் அதைப்பற்றிப் பேசியதில்லை.

இனி நான் எழுதப்போவது எனக்குப் பெருமை தருவதன்று. ஆசிரியப் பயிற்சி முடித்து ஊர் திரும்பியபோது சில நூல்களையும் பல முடிவுகளையும் சுமந்து வந்தேன். இசை கூடாது, றபான் கூடாது, பைத்து பிற்காலத்தார் சேர்த்தது என்று வாதித்த இளைஞருள் நானும் ஒருவன். ஒருநாள் வாப்பாவிடமே அதைச் சொன்னேன். சொன்ன முறையும் கடுமையானது. வாப்பா மறுமொழி கூறவில்லை. றபானைத் துணியிலே சுற்றி முகட்டு வளையிலே கட்டினார். கற்ற மகனுக்கு ஊரார் முன்னிலையில் தம்மால் இழுக்கு வரலாகாது என்று உம்மாவிடம் சொன்னாராம். இதை நான் அறிந்தது மிகவும் பிந்தியே.

1990 ஒக்டோபர் இறுதியில், வடமாகாணத்து முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவின் மக்கள் தோணிகளிலே கடல்வழியாகக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். கைக்குழந்தைகளோடும் நனைந்த உடையோடும் வந்தவர்களுக்குக் குடாநாடெங்கும் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறந்துவிடப்பட்டன. எங்கள் வகுப்பறைகளிலே வாங்குகளை ஒதுக்கிப் பாய் விரித்தோம். வாப்பா அன்றைய மீன் முழுவதையும் கொண்டுவந்து கொடுத்தார்.

இரவாயிற்று. ஓர் அறையிலே ஒரு குழந்தை அழத் தொடங்க, அடுத்தடுத்து எல்லா அறைகளிலும் அழுகை எழுந்தது. பெரியவர்களும் அழுதனர். எவருக்கும் என்ன செய்வதென்று தோன்றவில்லை. அப்போது தாழ்வாரத்திலிருந்து வாப்பாவின் குரல் கேட்டது. றபான் இல்லை, தாளம் இல்லை. கிளியனூர் அப்துல் சலாம் எழுதி ஹனிபா பாடிய ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ என்ற பாட்டு. ஹனிபாவைப்போல் உச்சத்திலே அல்ல, தொட்டிலருகே பாடுவதுபோலத் தாழ்ந்த குரலிலே பாடினார். பாதியில் ஒரு மன்னார்ப் பெரியவர் சேர்ந்துகொண்டார். பிறகு பெண்கள் சேர்ந்துகொண்டனர். நான் அரிக்கன் விளக்கைப் பிடித்தபடி வாசலிலே நின்றேன். வாப்பா என் முகத்தைப் பார்த்தார். தடுக்கப்போகிறேனோ என்று ஐயுற்றார் போலும். நான் திரியை ஏற்றிவிட்டு அவரருகே அமர்ந்தேன்.

மறுநாட் காலை றபானை இறக்கினேன். தோல் வெடித்திருந்தது. புதுத்தோல் போட்டுத் தருகிறேன் என்றேன். “இனி எதுக்கு மகன்?” என்று சிரித்தார். எட்டாண்டுகள் கழித்து வாப்பா மௌத்தாகும் வரையிலும் அது வெடித்த தோலுடனேயே இருந்தது.

2015 ஏப்ரல் 8ஆம் நாள் சென்னையிலே இசைமுரசு மறைந்தார். அச்செய்தியை அடுத்து வானொலியிலே அப்பாட்டையே ஒலிபரப்பினர். திண்ணையிலே தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்த உம்மா தலைநிமிர்ந்தார். காது மந்தமாகி வெகுகாலமாயிற்று; யார் மறைந்தார் என்பது அவருக்கு விளங்கியிருக்கவில்லை.

“வாப்பாட பாட்டுப் போகுது,” என்றார். “கொஞ்சம் சத்தத்தக் கூட்டு, மகன்.”