பத்துப் போட்டிகளும் பெண்டிரும்
இரண்டே நாட்களில் பத்துப் போட்டிகளை ஒருவரே முடிக்கும் டெக்காத்லான், ஆடவர்க்கு 1912-லேயே ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. பெண்டிர்க்கோ 1964-ல் ஐந்தும், 1984 முதல் ஏழுமே வாய்த்தன. 1928-ல் 800 மீட்டர் ஓடிய மகளிர் களைத்து வீழ்ந்தனர் எனக் கூறி அவ்வோட்டத்தையே 1960 வரை நீக்கிவைத்த மனப்பான்மையே இதற்கும் வேர் என நாம் கருதுகிறோம். ஆடவரும் களைத்து வீழ்வதுண்டு. அதனை எவரும் குறையாகக் கொள்வதில்லை!

ஏழில் இல்லாத வட்டெறிதல், கோலூன்றித் தாண்டுதல், 1500 மீட்டர் ஓட்டம் ஆகியன உள்ளிட்ட பத்தையும் முடித்து, 2005-ல் லிதுவேனிய வீராங்கனை ஆஸ்ட்ரா ஸ்குயிட்டே 8,358 புள்ளிகளுடன் உலக சாதனை படைத்தார். ஆயினும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் மகளிர்க்கு ஏழே. மேற்கு வங்கத்து ஜல்பாய்குரியில் ரிக்‌ஷா ஓட்டுநரின் மகளாகப் பிறந்த ஸ்வப்னா பர்மன் 2018 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றதும் அவ்வேழில்தான்.